பூவாகப் பிறந்து ஆந்தையானவளின் மலையில்

வேல்ஸில் ஒரு பழங்கதை நடந்ததாகச் சொல்லும் இடங்களைப் பார்த்துவிட்டு, நேற்று இரவுதான் மான்செஸ்டரில் அக்கா வீட்டுக்குத் திரும்பினோம். எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் நினைத்தேன். டாக்ஸிக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை, அதை முதலில் கொட்டிவிடுகிறேன்.

வட வேல்ஸில் ப்ளைனை ஃபெஸ்டினியோக் வரை ரயில் இருக்கிறது. ஊரைச் சுற்றி மலைமலையாகச் சிலேட்டுக் கல் குவியல்கள். அங்கிருந்து நாங்கள் தேடிப்போன பழைய கோட்டை மேடு, டோமென் அ மிர், பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. ஒன்றேகால் மணி நேரம் மழைச் சாரலில் நின்றும் பேருந்து வரவில்லை, டாக்ஸி பிடித்தோம். ஏறும்போது "மீட்டர்படி" என்றவர், இறங்கும்போது 35 பவுண்டு கேட்டார். நம் பணத்தில் ஏறக்குறைய நாலாயிரம் ரூபாய்! திரும்ப வெறும் வண்டியாகப் போகணுமாம். இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு. தயவுசெய்து தொகையைப் பேசிவிட்டு ஏறுங்கள்.

ஆனால் அந்த மேட்டில் ஏறி நின்றதும் பணக் கவலை பறந்துவிட்டது. முதல் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய கோட்டை, அதற்குள்ளேயே பிற்பாடு நார்மன்கள் எழுப்பிய மண்மேடு. கீழே ட்ராவ்ஸ்ஃபினித் ஏரி, அதன் கரையில் 1991இல் உற்பத்தியை நிறுத்திய அணுமின் நிலையம். ஆடுகளையும் எங்களையும் தவிர யாருமில்லை. வேல்ஸின் பழங்கதைகளான மாபினோகியின் நான்காம் கிளையில், அதாவது நான்காம் பகுதியில், வரும் மிர் காஸ்டெல் இதுதான் என்கிறார்கள். கதையின் நாயகி ப்ளொடேவெத் வாழ்ந்த வீடு.

லெய் என்ற இளைஞனுக்குப் பெற்ற தாயே சாபமிட்டிருந்தாள்: மண்ணில் உள்ள எந்த இனத்துப் பெண்ணும் அவனுக்கு மனைவியாகக் கூடாது. மாத், க்விடியான் என்ற இரண்டு மந்திரவாதிகள் ஓக் மரப்பூ, புரூம் பூ, மெடோஸ்வீட் பூ மூன்றையும் சேர்த்து ப்ளொடேவெத் என்ற பெண்ணைச் செய்து அவனுக்குக் கட்டிவைத்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷன் ஊரில் இல்லாத நாளில் வேட்டைக்கு வந்த க்ரோனு மேல் அவளுக்கு ஆசை வந்தது. லெய்யை எப்படிக் கொல்லலாம் என்பதை அவன் வாயாலேயே வரவழைத்தாள். ஒரு காலை ஆட்டின் மேலும் மறு காலைக் குளியல் தொட்டி விளிம்பிலும் வைத்து நிற்கும்போது, ஓராண்டு முழுக்க உழைத்துச் செய்த ஈட்டியால் எறிய வேண்டும். க்ரோனு எறிந்தான். லெய் கழுகாகிப் பறந்துபோனான். க்விடியான் அவனைத் தேடிப் பிடித்து மீண்டும் மனிதனாக்கினார்.

பிறகு தண்டனை. க்ரோனு ஈட்டியடி பட்டு ஒரு நொடியில் செத்தான். அவளுக்கு அது கிடைக்கவில்லை. "உன்னைக் கொல்ல மாட்டேன், அதைவிட மோசமானதைச் செய்வேன்" என்று க்விடியான் அவளை ஆந்தையாக்கிவிட்டார். பகலில் முகம் காட்டக் கூடாது, எல்லாப் பறவைகளும் அவளைக் கண்டால் கொத்தி விரட்டும். "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று குறளில் படித்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. புருஷனைக் கொல்லத் துணிந்தது பெரிய குற்றம்தான். ஆனாலும் எனக்கு க்விடியான் மேல்தான் கோபம். கேட்காமலே பெண்ணாக்கினார், கேட்காமலே பறவையாக்கினார்.

1350 வாக்கில் எழுதப்பட்ட 'வெள்ளைப் புத்தகம்' என்ற கையெழுத்துப் படியில் இந்தக் கதை இருக்கிறது. முதலில் அவள் பெயருக்கு வெறும் 'பூக்கள்' என்றுதான் பொருள், ஆந்தையான பின் 'பூமுகத்தாள்'. ஆந்தையின் முகத்தை நேராகப் பார்த்தவர்களுக்கு அது புரியும், வட்டமாக இதழ் விரித்த பூவேதான். இறக்கத்தில் லான் ஃபெஸ்டினியோக் கிராமத்துக்கு நடந்தோம். சாலையோர ஈரப் பள்ளமெல்லாம் மெடோஸ்வீட், ஜூலை மாதத்தில் நுரை நுரையாகப் பூத்திருந்தது. அக்கா ஒரு கொத்தை முகர்ந்துவிட்டு, "இதுலயாடி அவளைச் செஞ்சாங்க?" என்றாள். தேனும் பாதாமும் கலந்த வாசனை.

கிராமத்தில் கவ்ல் சாப்பிட்டோம். ஆட்டிறைச்சி, வெங்காய இனத்து லீக், உருளைக்கிழங்கு போட்டுக் கொதித்த சூப்பு, பக்கத்தில் ஒரு துண்டு சீஸ், தடித்த ரொட்டி. நனைந்து நடுங்கிப் போனவர்களுக்கு அது அமிர்தம். ஆளுக்கு 8 பவுண்டு. இந்தப் பயணத்தில் மனமாரக் கொடுத்த காசு அதுதான். மிளகாய்ப்பொடி வேண்டும் என்று அக்காவுக்குக்கூடத் தோன்றவில்லை!

மறுநாள் லின் மொர்வினியோன், கன்னியர் ஏரி. சேறும் ஏற்றமும், நல்ல ஷூ இல்லாமல் போகாதீர்கள். க்விடியானுக்குப் பயந்து மலைக்கு ஓடிய ப்ளொடேவெத்தின் தோழிப் பெண்கள், பின்னால் திரும்பிப் பார்த்தபடியே ஓடி இந்த ஏரியில் விழுந்து மூழ்கினார்களாம். அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். கதை அந்தப் பெண்களின் பெயரைக்கூடச் சொல்வதில்லை. கறுத்த தண்ணீர், காற்று. அரை மணி நேரம் இருவரும் பேசவே இல்லை.

அதற்கு முந்தின இரவு நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பத்தரை மணிக்குத்தான் நன்றாக இருட்டியது. ஜன்னலுக்கு வெளியே ஓக் மரங்களிலிருந்து ஒரு கூவல். நான் படியிறங்கி ஓடினேன். தங்கும் விடுதி அம்மா கதவைத் திறந்து என்னோடு வாசலில் வந்து நின்றார். வெல்ஷ் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். "குடிஹூ" என்றார், அது கூவுகிற மாதிரியே. மரத்திலிருந்து இன்னொரு முறை கேட்டது.