திரை வாசிப்பானைப் பேச விடுங்கள்: ஆப்களுக்கு ஆடியோ டெமோ தயாரிப்பவர்களுக்கு

ஒரு ஆப்பை எப்படிப் பயன்படுத்துவது என்று யூடியூபில் தேடினால் வீடியோக்கள் வந்து குவிகின்றன. "இங்க தொடுங்க, இப்படி வரும்" என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். பார்வையற்ற ஒருவருக்கு அதிலிருந்து கிடைப்பது ஒன்றுமில்லை. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்தான் திரை வாசிப்பான், ஆண்ட்ராய்டு போனில் அதன் பெயர் டாக்பேக். அந்த டாக்பேக் ஆப்பில் என்ன பேசுகிறது, தேவையான பட்டன் எத்தனையாவது ஸ்வைப்பில் வருகிறது, எந்த இடத்தில் பெயரே இல்லாத பட்டன் நிற்கிறது என்பதெல்லாம்தான் அவருக்குத் தெரிய வேண்டும். திரை வாசிப்பானின் குரலோடு இவற்றைப் பதிவு செய்து தருவதுதான் ஆடியோ டெமோ.

இப்படிப்பட்ட பதிவுகளை அதிகம் கெடுப்பது ஒரே பழக்கம்தான்: திரை வாசிப்பான் பேசும்போதே செய்து காட்டுபவரும் பேசுவது. இரண்டு குரலும் மோதினால் கேட்பவர் இரண்டையுமே இழக்கிறார். என்ன சைகை செய்யப் போகிறோம் என்று முதலில் சொல்லுங்கள், பிறகு செய்யுங்கள், டாக்பேக் முடிக்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். அது முடித்த பிறகு விளக்குங்கள். கேட்பவர் தன் போனில் கூடவே செய்துபார்க்க வசதியாக, அடுத்த படிக்குப் போகும் முன் இரண்டு விநாடி விடுவதும் நல்லது.

பட்டன் பெயரைத் திரை வாசிப்பான் உச்சரிக்கிறபடியே சொல்ல வேண்டும். பல ஆண்ட்ராய்டு ஆப்களில் மேல் மூலையில் மூன்று புள்ளிகள் இருக்கும். பார்த்துப் பயன்படுத்துபவருக்கு அது "மூணு புள்ளி". டாக்பேக்கோ "மோர் ஆப்ஷன்ஸ், பட்டன்" என்கிறது. நீங்கள் "மூன்று புள்ளியைத் தொடுங்கள்" என்று சொன்னால், கேட்பவர் அந்தப் பெயரைத் தேடித் திரை முழுக்க ஸ்வைப் செய்துகொண்டிருப்பார். போன் தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மொழி மாறினால் அதே பட்டனின் பெயரும் மாறிவிடும்.

கூடவே ஆப்பின் பதிப்பு எண், ஆண்ட்ராய்டு அல்லது விண்டோஸ் பதிப்பு, பதிவு செய்த மாதம் ஆகியவற்றையும் முதல் அரை நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு அப்டேட்டில் மெனு இடம் மாறிவிடும். பழைய டெமோவைக் கேட்டுத் தன் மேல்தான் தவறு என்று ஒருவர் நினைத்துக்கொள்வதை இந்த அரை நிமிடம் தடுக்கும். சைகைகளிலும் இதே சிக்கல் உண்டு. டாக்பேக் மெனுவைத் திறக்கப் புதிய போன்களில் மூன்று விரலால் ஒருமுறை தட்டினால் போதும். பழைய போனில் அது வேலை செய்யாது. ஒரு விரலைக் கீழே இழுத்து, எடுக்காமல் வலப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டையும் சொல்லுங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பழகியவர்கள் பேச்சை மிக வேகமாக வைத்துக் கேட்பார்கள், டெமோவையும் அதே வேகத்தில் பதிவு செய்துவிடுவார்கள். டெமோவைத் தேடி வருபவர்களில் பலர் நேற்றுதான் டாக்பேக்கை இயக்கியவர்கள். விண்டோஸ் கணினிக்கான திரை வாசிப்பானான என்விடிஏவில் வேகத்தை 40க்கும் 50க்கும் இடையில் வைத்து, பேச்சை இன்னும் விரைவாக்கும் வேக ஊக்கத்தை அணைத்துவிடுங்கள். டாக்பேக் ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னும் சொல்லும் "இருமுறை தட்டவும்" போன்ற குறிப்புகளை அமைப்பில் நிறுத்தலாம். நிறுத்தியிருந்தால் அதையும் பதிவில் தெரிவித்துவிடுங்கள்.

இனி பதிவு செய்யும் முறை. ஆண்ட்ராய்டில் பலரும் முதலில் கை வைப்பது போனிலேயே உள்ள ஸ்கிரீன் ரெக்கார்டரில். சாதன ஒலி என்பதைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்தால் ஆப்பின் இசையும் வீடியோ ஒலியும் விழும், டாக்பேக்கின் குரல் விழாது. ஆண்ட்ராய்டு 10 முதல் ஒரு ஆப் இன்னொன்றின் ஒலியைப் பிடிக்க வழி உண்டு. ஆனால் அந்த வழி மீடியா, கேம் போன்ற ஒலி வகைகளுக்குத்தான் திறந்திருக்கிறது. டாக்பேக் பேசுவது அணுகல்தன்மைக்கென்று ஒதுக்கிய வேறொரு வகையில். மைக்கையும் சேர்த்தால் ஸ்பீக்கர் வழியே வரும் குரல் ஓரளவு பதிவாகும், ஆனால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும். எதிரொலி நீக்கம் குறுக்கிட்டால் பாதி வார்த்தை விழுங்கப்படும்.

ஆகவே இன்னொரு கருவி வேண்டும். எளிய வழி, டெமோ காட்டும் போனை மடித்த துண்டின் மேல் வைத்து, பதிவு செய்யும் போனை ஒரு சாண் தள்ளி வைப்பது. துண்டு இல்லாவிட்டால் ஒவ்வொரு தட்டலும் மேசை வழியாக இடிபோல் விழும். துண்டு இருந்தால் விரல் தட்டும் ஓசை மெல்லக் கேட்கும், அது இருப்பது நல்லதே: டபுள் டேப் எவ்வளவு வேகத்தில் செய்ய வேண்டும் என்பதைப் புதியவர் அந்த ஓசையிலிருந்தே பிடித்துக்கொள்வார். தரமாக வேண்டுமென்றால் ஹெட்போன் துளையிலிருந்து 3.5 மில்லிமீட்டர் கேபிளை ரெக்கார்டரின் லைன் இன் துளைக்குக் கொண்டுபோகலாம். அப்போது போன் சார்ஜில் இருக்கக் கூடாது, இருந்தால் "ம்ம்ம்" என்ற இரைச்சல் ஏறிக்கொள்ள வாய்ப்பு அதிகம். ப்ளூடூத் ஹெட்செட்டின் மைக்கும் வேண்டாம். மைக் திறந்ததும் அது அழைப்புக்கான தரத்துக்கு இறங்கிவிடும், திரை வாசிப்பானின் குரலும் பழைய டெலிபோன் குரலாகிவிடும்.

விண்டோஸில் வேலை சுலபம். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் ஒலி அமைப்பை வாசாபி (WASAPI) என்று மாற்றி, பதிவுக் கருவியாக லூப்பேக் என்று முடியும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால் கணினியில் கேட்பதெல்லாம் அப்படியே பதிவாகும். என்விடிஏ 2024.2 முதல் ஒலிப் பிரிப்பு என்றொரு வசதி வந்திருக்கிறது. என்விடிஏ விசையோடு (வழக்கமாக இன்செர்ட்) ஆல்ட், எஸ் இரண்டையும் அழுத்தினால் என்விடிஏ இடப்பக்கமும் மற்ற ஒலிகள் வலப்பக்கமும் பிரிந்துவிடும். ஸ்டீரியோவில் பதிவு செய்து, பிறகு இரண்டு மோனோ டிராக்காகப் பிரித்தால், வீடியோவின் ஒலியை மட்டும் குறைத்து என்விடிஏவைத் தெளிவாக்கலாம். கேட்கவே இனிமையான வசதி.

லூப்பேக்கில் உங்கள் குரல் வராது. அதைத் தனியாக ஒரு போனில் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் ஹெட்போனின் ஒரு காதை அந்தப் போனின் மைக்கருகே பிடித்து, என்விடிஏ விசையோடு எஃப்12 அழுத்தி மணி சொல்ல வையுங்கள். இரண்டு பதிவிலும் அதே குரல் இருப்பதால் பிறகு ஒன்றோடொன்று பொருத்துவது எளிது. நீண்ட பதிவில் இரண்டும் மெல்ல விலகும் என்பதால் பத்துப் பத்து நிமிடமாக எடுங்கள். எந்தச் சத்தமும் இல்லாத நேரத்தில் லூப்பேக் பதிவு நகராமல் நின்று, இடைவெளிகள் காணாமல் போகலாம். பின்னணியில் ஒலியற்ற கோப்பு ஒன்றை ஓடவிட்டால் அது நடக்காது.

கீபோர்டு வகையையும் சொல்லுங்கள். தொடர்ந்து வாசிக்க டெஸ்க்டாப் அமைப்பில் என்விடிஏவும் கீழ் அம்புக்குறியும். லேப்டாப் அமைப்பில் என்விடிஏவும் ஏ எழுத்தும்.

கேமரா சார்ந்த ஆப்களில்தான் டெமோ செய்பவரின் திறமை முழுதாகத் தெரியும், ஏனென்றால் கையை எப்படி வைப்பது என்பதைத் திரை வாசிப்பான் சொல்லாது. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்ட மணி ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரூபாய் நோட்டைக் கேமராவில் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணையம் தேவையில்லை. "நோட்டைக் கேமரா முன் காட்டுங்கள்" என்று மட்டும் சொல்லும் டெமோ யாருக்கும் உதவாது. 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம். இன்றைய போன்களும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். நோட்டின் மேல் போனை நீளவாக்கில் சரியாகப் பொருத்தி வைத்தால், கேமரா இருப்பது போனின் மேல் மூலை என்பதால் அது நோட்டின் ஓரத்துக்குப் போய்விடும். தூக்கும்போது பாதி நோட்டும் பாதி மேசையும்தான் தெரியும். எனவே பின்பக்கம் தடவிக் கேமராவின் மேட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லி, அந்த மேட்டை நோட்டின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து சாய்க்காமல், நேராக, மெல்ல ஒரு சாண் உயரத்துக்குத் தூக்க வேண்டும். விளக்கு எரிகிறதா என்பதே தெரியாதவரும் இருப்பார் என்பதால் சுவிட்சைப் போடச் சொல்வதும் ஒரு படிதான். நோட்டு நல்லதா கள்ளதா என்பதை இந்த ஆப் சொல்லாது, மதிப்பை மட்டுமே சொல்லும். இதை டெமோவில் விடாமல் குறிப்பிட வேண்டும்.

பணம் அனுப்பும் ஆப்களைக் காட்டும்போது கூடுதல் கவனம் தேவை. பதிவின் நடுவே ஓடிபி வந்தால் டாக்பேக் அதை உரக்கப் படித்துவிடும். தொந்தரவு செய்யாதே நிலையை முதலில் போட்டுவிடுங்கள். தொடர்புப் பட்டியலைத் திறந்தால் பிறருடைய பெயரும் எண்ணும் ஒலிக்கும். அவற்றை வெட்டும்போது உங்கள் டிராக்கில் மட்டும் வெட்டிவிட்டு, திரை வாசிப்பானின் டிராக்கில் மறந்துவிடுகிறவர்கள் உண்டு.

எடிட்டிங்கில் மௌனத்தைத் தானாகச் சுருக்கும் வசதியைத் தொடாதீர்கள், கேட்பவர் செய்துபார்க்க நீங்கள் விட்ட இடைவெளிகளை அது தின்றுவிடும். பின்னணி இசை வேண்டாம். 64 கேபிபிஎஸ் மோனோ எம்பி3 பேச்சுக்குப் போதும். 20 நிமிடம் சுமார் 10 எம்பிக்குள் அடங்கும், டேட்டா குறைவாக உள்ளவரும் இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வாய்ஸ் நோட்டாக இல்லாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். கோப்பின் பெயரில் ஆப், பதிப்பு, மாதம் மூன்றும் இருக்கட்டும். கூடவே நாலு வரி எழுத்துக் குறிப்பு: எந்த நிமிடத்தில் எந்தப் படி, எந்தப் பட்டனுக்குப் பெயர் இல்லை, அது எந்தப் பட்டனுக்கு அடுத்து வருகிறது.