இரண்டாவது ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன்னால்

பழைய ஆம்புலன்ஸை வாங்கி, உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேனாக மாற்றுகிறவர்கள் முதலில் சைரனைக் கழற்றுவார்கள், அப்புறம் கூரை விளக்குகளை, அப்புறம் பானட்டைத் திறந்து, என்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர்களைப் பார்த்துவிட்டு “ரெண்டு ஆல்டர்னேட்டர் எதுக்கு, ஒன்றைத் தூக்கிடலாமே” என்பார்கள். என்னுடையது 6.0 லிட்டர் டீசல் என்ஜின் போட்ட ஃபோர்டு இ-450, கனடாவின் ஒன்டாரியோவில் ஓடுகிறது. நான் கழற்றவில்லை, கழற்றுவதாகவும் இல்லை.

டீசலைக் குடிக்கும் என்று பயமுறுத்துவார்கள். சும்மா சுற்றும் ஆல்டர்னேட்டர் பெரிதாக எதையும் இழுக்காது, பேரிங் உராய்வும் விசிறியும்தான். கரண்ட் எடுக்கும்போதுதான் என்ஜினுக்குச் சுமை. 14 வோல்ட்டில் 200 ஆம்ப்ஸ் என்றால் 2,800 வாட், நடுவில் சூடாக வீணாவதையும் சேர்த்தால் ஆறேழு குதிரைத்திறன் போகும். அதை ஒன்றே தந்தாலும் இரண்டும் பங்கு போட்டுத் தந்தாலும் டீசல் கணக்கு கிட்டத்தட்ட அதேதான்.

ஆம்புலன்ஸில் இரண்டு வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நோயாளியை ஏற்றும்வரை வண்டி நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடும், ஏசி, விளக்கு, இன்வெர்ட்டர் எல்லாம் போட்டபடி இருக்கும். ஆல்டர்னேட்டர் மேல் எழுதியிருக்கும் ஆம்ப்ஸ் வேகமாகச் சுற்றும்போது கிடைப்பது. வண்டி நின்றபடி என்ஜின் மெதுவாக ஓடும் ஐடிலில், அதுவும் சூடேறிய பிறகு, பாதி வந்தாலே பெரிது. அதனால்தான் கியரை பார்க்கில் போட்டு பார்க்கிங் பிரேக்கும் போட்டால், பேட்டரி வோல்டேஜ் தணிந்ததும் என்ஜின் தானாகவே வேகம் கூட்டிக்கொள்ளும் வசதியையும் இந்த வண்டிகளில் வைத்தார்கள். நமக்கும் அதே நிலைமைதானே?

லித்தியம் பேட்டரி போட்டால் விஷயம் இன்னும் மாறும். லெட்-ஆசிட் பேட்டரி நிரம்ப நிரம்ப “போதும்” என்று கரண்டைக் குறைத்துக்கொள்ளும், லித்தியம் கடைசிவரை கொடுத்ததையெல்லாம் வாங்கும். கேபிளை நேராக இழுத்துவிட்டால் ஆல்டர்னேட்டர் மணிக்கணக்கில் முழு மூச்சாக ஓடி வெந்துபோகும். போதாததற்கு, பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற காவல் சர்க்யூட் நடுவில் பட்டென்று துண்டித்தால் வோல்டேஜ் எகிறி ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோடு போய்விடலாம். இந்த என்ஜினில் இன்னொரு பயமும் உண்டு: இன்ஜெக்டர்களை இயக்கும் எஃப்ஐசிஎம் என்ற பெட்டி 12 வோல்ட்டை 48 ஆக ஏற்றுகிறது, பேட்டரி எப்போதும் நோஞ்சானாக இருந்தால் அதுதான் சாகும். அதன் விலை மலிவு கிடையாது.

அதனால் இரண்டு ஆல்டர்னேட்டரும் என்ஜின் பேட்டரியோடு பழையபடியே இருக்கின்றன. அங்கிருந்து, கரண்டை அளவோடு மட்டும் விடும் 50 ஆம்ப்ஸ் டிசி-டிசி சார்ஜர் இரண்டு வழியாக, வேனுக்குள் விளக்கு முதலானவற்றை ஓட்டும் லித்தியம் பேட்டரிக்குப் போகிறது. டொராண்டோவிலிருந்து அல்கோன்குவின் பார்க்குக்கு மூன்று மணி நேரம் ஓட்டினால் 300 ஆம்பியர்-அவர் ஏறிவிடும். டிசம்பரில் அங்கே பகல் 9 மணி நேரம்கூட இல்லை, சோலார் பேனல் மேல் பனி வேறு. ஆல்டர்னேட்டரை விட்டால் வேறு கதி? உறைநிலைக்குக் கீழே போன லித்தியம் பேட்டரியை சார்ஜ் செய்யக்கூடாது, அதனால் பேட்டரியை உள்ளே கட்டிலுக்கு அடியில், ஹீட்டர் காற்று படுகிற இடத்தில் வைத்திருக்கிறேன்.

கழற்றத்தான் வேண்டும் என்ற நிலையும் வரும். பேரிங் கரகரவென்று சத்தம் போட்டு, வாட்டர் பம்பும் பவர் ஸ்டீயரிங்கும் அதே பெல்ட்டில் ஓடுகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், அது இறுகினால் எல்லாமே நின்றுவிடும். தனி பெல்ட் என்றால் அவ்வளவு அவசரமில்லை. எடுத்த இடத்தில் பெல்ட்டைத் தாங்கிச் சும்மா சுற்றும் ஐட்லர் புல்லி வேண்டும், இல்லாவிட்டால் நீளம் குறைந்த பெல்ட். முக்கியமாக, அந்தத் தடித்த சிவப்பு கேபிளில் வண்டி நின்றிருந்தாலும் கரண்ட் இருக்கும். டேப் சுற்றி ஓரமாகச் செருகிவிடாதீர்கள், பேட்டரி முனையிலிருந்தே எடுங்கள்.

எதற்கும் முதலில், கேபிளைக் கவ்விக் கரண்ட் அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டர் வாங்குங்கள், டிசி அளக்கிறதாக. ஹெட்லைட், ஏசி, ஹீட்டர் விசிறி எல்லாம் போட்டு என்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு கேபிளிலும் மாட்டிப் பாருங்கள். சுமை ஏற்றியும் ஒன்றில் மட்டும் பூஜ்யத்திலேயே நின்றால் அந்த ஆல்டர்னேட்டர் எப்போதோ செத்திருக்கலாம். மற்றது சமாளித்துக்கொண்டே இருப்பதால் யாருக்கும் தெரிந்திருக்காது.