மீசோதீலியோமா: "எந்த ஸ்டேஜ்" என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மீசோதீலியோமா, அதாவது நுரையீரலையோ வயிற்றையோ சுற்றியுள்ள உறையில் வரும் புற்று, என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது "எந்த ஸ்டேஜ்?" என்றுதான். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, "எந்த வகை செல்?" எபிதீலியாய்டு, சார்கோமடாய்டு, இரண்டும் கலந்த பைஃபேசிக் என மூன்று வகை உண்டு. இது தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான்.

நெஞ்சில் சேர்ந்த நீரை மட்டும் பரிசோதித்து இந்த வகையை உறுதியாகச் சொல்ல முடியாது. நீரில் புற்றுசெல் அகப்படாமலே போவது மிகவும் சகஜம். "நீரில் கேன்சர் இல்லை" என்ற நிம்மதியில் இருந்துவிடாதீர்கள். இந்த நோய்க்கு முக்கியக் காரணமான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) புழங்கும் இடத்தில் என்றோ வேலை பார்த்தவருக்கு, அது நாற்பது வருடத்துக்கு முந்தைய வேலையாக இருந்தாலும், ஒரு பக்க நெஞ்சில் நீர் திரும்பத் திரும்பச் சேர்ந்தால் திசு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். அந்தப் பழைய வேலையை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள்.

திசு எடுக்க நல்ல வழி தோராகோஸ்கோப்பி. விலா எலும்புகளுக்கு நடுவே சிறு துளையிட்டு, கேமராவில் பார்த்துக்கொண்டே நுரையீரல் உறையின் பல இடங்களிலிருந்து ஆழமாக எடுப்பார்கள். ஆழம் முக்கியம். செல்கள் உறையைத் தாண்டிக் கொழுப்புக்குள் ஊடுருவியிருக்கின்றனவா என்பதுதான் புற்றையும் வெறும் அழற்சியையும் பிரித்துக் காட்டும். மேலோட்டமாகக் கிள்ளி எடுத்த துண்டில் அது தெரியாது. நுரையீரல் புற்றிலிருந்து பிரித்தறிய, கால்ரெட்டினின், டபிள்யூடி1 போன்ற சாயங்கள் ஏறுகின்றனவா, டிடிஎஃப்1, கிளாடின்4 ஏறாமல் இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். பிஏபி1 புரதம் செல்லில் காணாமல் போயிருந்தால் அது புற்றின் பக்கம் சாயும் வலுவான தடயம்.

இது அரிதான நோய். பொதுப் புற்றுநோய் மருத்துவர் பலர் வருடத்துக்கு ஒன்றிரண்டு பேரைக்கூடப் பார்க்காமல் இருக்கலாம். அதனால் இதை அதிகம் பார்க்கும் மையத்தில் இரண்டாவது கருத்து வாங்குவது அவசியம் என்பேன். போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. திசு பதித்த மெழுகுக் கட்டி, ஸ்லைடுகள், சி.டி. ஸ்கேனின் முழுப் படங்கள் எல்லாம் கையில் இருக்கட்டும். மெழுகுக் கட்டி இல்லையென்றால் திரும்பவும் நெஞ்சில் துளை போட வேண்டி வரலாம். திட்டத்தை அங்கே வகுத்துக்கொண்டு, மருந்தை வீட்டுக்குப் பக்கத்தில் ஏற்றிக்கொள்ளலாம்.

அறுவை சிகிச்சை செய்ய முடியாத நுரையீரல் உறைப் புற்றுக்கு நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டும்) மருந்துகளையும் சேர்த்துத் தர 2020 அக்டோபரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அதற்கு ஆதாரமான ஆய்வில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதற்கு மேல் வாழ்ந்த காலம்) 18.1 மாதம்; கீமோ பெற்றவர்களுக்கு 14.1. எபிதீலியாய்டு அல்லாத வகைகளில் வித்தியாசம் மிகப் பெரியது: 18.1க்கு எதிராக 8.8. செல் வகையை முதலில் கேட்கச் சொன்னதன் காரணம் இதுதான்.

கீமோ என்றால் பெமிட்ரெக்ஸெட்டுடன் சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின், 21 நாளுக்கு ஒருமுறை. இங்கே சின்ன மாத்திரை ஒன்றுதான் பெரிய வேலை செய்கிறது. ஃபோலிக் ஆசிட் 400 முதல் 1000 மைக்ரோகிராம், முதல் டோஸுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, கடைசி டோஸுக்குப் பின் 21 நாள் வரை தினமும். பி12 ஊசி 1000 மைக்ரோகிராம், முதல் டோஸுக்கு ஒரு வாரம் முன்பு, பிறகு மூன்று சுற்றுக்கு ஒருமுறை. இவை தவறினால் வெள்ளணு சரியும், வாய் புண்ணாகும், வயிற்றுப்போக்கு வாட்டும். சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமானவர்கள் மருந்து ஏற்றும் நாளிலும் அதற்கு முன்பின் இரண்டிரண்டு நாளிலும் இபுபுரோஃபன் தொடக் கூடாது.

அறுவை சிகிச்சை பற்றி நிதானமாகப் பேசுங்கள். மார்ஸ் 2 ஆய்வில், கீமோவோடு உறையை உரித்தெடுக்கும் பெரிய அறுவை சிகிச்சையும் செய்துகொண்டவர்களைவிட, கீமோ மட்டும் பெற்றவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள்; 19.3 மாதத்துக்கு எதிராக 24.8. "எப்படியாவது வெட்டி எடுத்துவிடுங்கள்" என்று குடும்பம் மன்றாடுவது புரிகிறது, ஆனால் வெட்டுவதே வைத்தியம் ஆகிவிடாது. வயிற்று உறையில் வரும் மீசோதீலியோமாவின் கதை வேறு. அங்கே தகுதியான நோயாளிக்குக் கட்டிகளை அகற்றிவிட்டு, சூடாக்கிய கீமோ மருந்தை வயிற்றுக்குள் சுழலவிடும் ஹைபெக் முறைதான் முதல் தேர்வு. அதைச் செய்து பழகிய குழுவிடம் மட்டும் போங்கள்.

மூச்சுத்திணறலுக்குக் காரணமான நீரை வடிப்பதும் சிகிச்சைதான். நீரை வடித்ததும் நுரையீரல் விரிகிறதென்றால் டால்க் என்ற பொடியைத் தூவி, நீர் மீண்டும் சேராதபடி உறைகளை ஒட்டலாம். திசு எடுக்கும் அதே அமர்வில் அதையும் முடித்துவிட முடியும். புற்று இறுகப் பிடித்து நுரையீரல் விரியாமல் கிடந்தால் டால்க் ஒட்டாது. வீட்டிலேயே வடித்துக்கொள்ளும் நிரந்தரக் குழாய்தான் வழி. ஒரே மூச்சில் முழுவதையும் வடிக்க அவசரப்படக் கூடாது. பொதுவாக ஒன்றரை லிட்டரோடு நிறுத்துவார்கள். நெஞ்சு இறுகினாலோ விடாமல் இருமல் வந்தாலோ அதற்கு முன்பே நிறுத்த வேண்டும்.

இம்யூனோதெரபி பெற்றவருக்குப் புதிதாக வயிற்றுப்போக்கு, மூச்சுத்திணறல், கண் மஞ்சளாவது, காரணமில்லாத கடும் சோர்வு எது வந்தாலும் அன்றைக்கே சிகிச்சைக் குழுவைக் கூப்பிடுங்கள். கடைசி டோஸ் முடிந்து மாதங்கள் ஆன பிறகும் இவை வரலாம். அவசரப் பிரிவில் இருப்பவர் இதைச் சாதாரணத் தொற்று என்று எண்ணிவிடாதபடி, மருந்தின் பெயரும் கடைசியாக ஏற்றிய தேதியும் எழுதிய சீட்டு நோயாளியின் பையில் எப்போதும் இருக்கட்டும்.