பாட்டும் காத்திருக்க வேண்டும்

என் மகளுக்கு இப்போது ஏழு வயது. குறைமாதத்தில் பிறந்த அவளுக்கு, இரண்டு கால்களையும் இறுகச் செய்யும் வகை மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) இருக்கிறது; வலக்கையிலும் சற்று இறுக்கம் உண்டு. வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பாள். வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபிஸ்ட் பார்க்கிறார். மற்ற ஐந்து நாளும் பயிற்சி என் பொறுப்பு. அந்தப் பயிற்சிக்குப் பாட்டைத் துணையாகக் கொண்டு மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதில் கற்றுக்கொண்டவற்றை, இதே நிலையில் இருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

தொடக்கத்தில் தவறாகத்தான் செய்தேன். கெண்டைக்கால் தசையை நீட்டும்போது அவள் அழுவதைத் தாங்க முடியாமல், அவளுக்குப் பிடித்த துள்ளலான பாட்டு ஒன்றைக் கைபேசியில் உரக்க ஓடவிட்டேன். அழுகை நின்றது. ஆனால் உற்சாகத்தில் உடல் முழுவதும் முறுக்கேறி, கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. நானும் என்னை அறியாமல் அந்தப் பாட்டின் வேகத்துக்கே அவள் பாதத்தைத் தள்ளிக்கொண்டிருந்தேன். இத்தகைய இறுக்கத்தின் இயல்பே அதுதான்: எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு கடுமையாகத் தசை எதிர்க்கும், நிதானமாக நீட்டினால் மெல்ல இளகும். குழந்தையின் கவனத்தைத் திருப்புவதற்காக மட்டும் பாட்டை வைத்தால், அது பயிற்சிக்கே எதிராகத் திரும்பிவிடலாம் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

பிறகு கைபேசியை விட்டுவிட்டு நானே பாடத் தொடங்கினேன். சிறுவயதில் கற்ற வாய்ப்பாட்டு அப்போது கைகொடுத்தது. ஒவ்வொரு நீட்டலையும் 30 நொடி பிடித்திருக்கச் சொல்லியிருந்தார்கள். ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்கு, அதாவது ஓர் ஆவர்த்தனத்துக்கு, எட்டு அட்சரம், எட்டு எண்ணிக்கை. நொடிக்கு ஓர் அட்சரம் என்று வைத்துக்கொண்டு, முதல் சரளி வரிசையை (ச ரி க ம ப த நி ச என்று ஏறி இறங்கும் தொடக்கப் பாடம்) அட்சரத்துக்கு ஒரு சுவரமாக, முதல் காலத்தில் இரண்டு முறை ஏறி இறங்கினால் நான்கு ஆவர்த்தனம், அதாவது 32 நொடி. கடிகாரத்தைப் பார்க்கத் தேவையில்லை. அதைவிட முக்கியமானது, முடிவு எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரிந்துவிடுவது. இரண்டாம் முறை கீழ்ச் சட்ஜத்துக்கு (கீழ் ‘ச’வுக்கு) வந்ததும் அம்மா கையை எடுத்துவிடுவாள் என்பது அவளுக்கு உறுதியான பிறகு, பாதி அழுகை தானாகவே அடங்கியது. வலியைக் காட்டிலும், அது எப்போது முடியும் என்று தெரியாததுதான் அவளை அச்சுறுத்தியிருக்கிறது.

நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கும் பயிற்சிக்கு இந்த முறை உதவவில்லை. அதற்காக நானே நான்கு வரி கட்டினேன். கடைசி வரியின் கடைசிச் சொல்லை, முழுதாக எழுந்து நின்ற பிறகு அவள் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் பழக்கத்தில் அந்தச் சொல்லையும் சேர்த்துப் பாடிவிட்டேன். பாதி எழுந்த நிலையில், முழங்கால்கள் நடுங்க, மேசை விளிம்பைப் பிடித்தபடி அவள் சொன்னாள்: “இரும்மா, இன்னும் நான் எந்திரிக்கல.” பதிவு செய்த பாட்டால் இப்படிக் காத்திருக்க முடியாது. அவள் உடலுக்கு நான்கு நொடி தேவைப்படும் நாளும் உண்டு, பத்து நொடி தேவைப்படும் நாளும் உண்டு. அதுவரை முந்தைய சுவரத்திலேயே நீட்டி நிற்கிறேன்.

நடைக்கு மட்டும் இது நேர்மாறு. அங்கே தாளம் பிசகாமல் முன்னே செல்ல வேண்டும். அடுத்த தட்டு எப்போது விழும் என்பதைக் காது முன்கூட்டியே அறிந்துகொள்வதால்தான் கால் அதற்குத் தயாராகிறது. 1990களில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் தாவுட்டும் அவருடைய குழுவினரும் பக்கவாதம், பார்க்கின்சன் நோய் ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவர்களிடம் இதை ஆராய்ந்தார்கள். அதே முறை பின்னர் மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளிடமும் பயன்படுத்தப்பட்டது. முதலில் குழந்தையின் சொந்த நடை வேகத்தைக் கண்டறிய வேண்டும். என் மகள் அரை நிமிடத்தில் 24 எட்டு வைத்தாள். ஆகவே சீராகத் தட்டொலி எழுப்பும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 48 தட்டில் வைத்தோம். அது பழகிய பிறகு, பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொன்னதன் பேரில் 51. ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டுவதில்லை. செயலியின் ஒலியை நான் இயர்போனில் கேட்டுக்கொண்டு, ‘தக’ என்றால் இடக்கால், ‘திமி’ என்றால் வலக்கால் என்று தொடையில் தட்டிச் சொல்கிறேன். அவளுடைய இடக்கால் இழுபடும். அந்தக் காலில், காலைத் தாங்கும் ஸ்ப்ளின்டின் மேல்வாருக்குச் சற்று மேலே, நான்கு மணி கோத்த சலங்கையைக் கட்டிவிடுகிறேன். இழுத்து வைத்தால் சரசரவென்று தேய்கிறது. தூக்கி வைத்தால் ‘சல்’ என்று ஒரே ஒலி. நான் திருத்துவதற்கு முன்பே அவள் காது திருத்திவிடுகிறது.

நம் பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துக்குச் சப்பாணி என்று பருவம் வகுத்திருக்கிறார்கள். கைகளை ஊன்றித் தலைநிமிர்ந்து அசைவது செங்கீரை, கைகொட்டுவது சப்பாணி. என் மகள் கையூன்றித் தலைநிமிர்ந்தபோது இரண்டு வயது கடந்திருந்தது. பருவம் தள்ளிப்போனாலும் பாட்டு அவளுக்கும் உரியதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இதே முறை பொருந்தாது. கைகால்கள் தாமாக அசையும் வகை பாதிப்பு உள்ளவர்களுக்கு, உற்சாகம் கூடினால் அந்த அசைவும் கூடும். திடீரென்று எழும் பெரிய ஒலி பல குழந்தைகளைத் தூக்கிவாரிப்போட்டு உடலை விறைக்க வைக்கும். செவித்திறனையும் முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். வலிப்பு வருவதுண்டென்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இப்போது நாங்கள் கைக்கு வந்திருக்கிறோம். ஆதி தாளம் போடுவதே ஒரு முழுமையான கைப்பயிற்சி என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. லகு என்னும் முதல் நான்கு எண்ணிக்கையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகத் தனித்து அசைய வேண்டும். அடுத்து வரும் இரண்டிரண்டு எண்ணிக்கையான த்ருதத்தில் தட்டிய கையைத் திருப்பி உள்ளங்கை மேலே பார்க்க வீச வேண்டும். இறுகிய கைக்கு மிகக் கடினமான அசைவுகளில் ஒன்று உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புவது. வலக்கைச் சுண்டுவிரல் வந்துவிட்டது. மோதிரவிரல் நடுவிரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருகிறது. வீச்சில் உள்ளங்கை பாதிவரை திரும்பி, சுவரைப் பார்த்து நிற்கிறது. மீதிக்கு என் கையை அடியில் கொடுத்து, அது திரும்பும்வரை அடுத்த தட்டைப் போடாமல் இருக்கிறேன்.