வெறுங்காலா, மெல்லிய ஷூவா? பொள்ளாச்சி – கோபாலபுரம் பக்கம் ஓடுகிறவர்களுக்கு

வெறுங்காலில் ஓடுவதும் மெல்லிய அடி கொண்ட ஷூவில் ஓடுவதும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். கடையிலும் அப்படிச் சொல்லித்தான் விற்கிறார்கள். இரண்டிலும் குதிகாலுக்கு உயரம் இல்லை, மெத்தை இல்லை, அதுவரை சரி. ஆனால் வெறுங்காலுக்குத் தோல்தான் பிரேக். ஷூவை மாட்டியதும் பிரேக் போய்விடும், சுமை அப்படியே இருக்கும்.

புதிதாக வெறுங்காலில் ஓடுகிறவருக்கு ஒரு கிலோமீட்டருக்குள் உள்ளங்கால் எரியத் தொடங்கும், நின்றுவிடுவார். கெண்டைக்கால் அன்றைக்குத் தப்பியது. அதே ஆள் 5 மில்லிமீட்டர் ரப்பர் அடி போட்ட ஷூவில் எரிச்சல் தெரியாமல் 5 கிலோமீட்டர் போய்விடுவார். சாதாரண ஓட்ட ஷூவில் குதிகால் முன்பாதத்தைவிட சுமார் 10 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். அந்த உயரம் போனதும் ஒவ்வொரு அடிக்கும் கெண்டைச் சதையும் அதைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணும் கூடுதலாக இழுபடும். சதை சில வாரங்களில் பழகிக்கொள்ளும். எலும்பு அப்படியில்லை. புதுச் சுமை வந்தால் முதலில் பழைய எலும்பைக் கரைத்து, பிறகுதான் புதிதாகக் கட்டும். இந்த இடைவெளியில், பெரும்பாலும் மூன்றாம் வாரத்துக்குப் பிறகு, பாதத்தின் மேற்புறத்தில் வலி ஆரம்பிக்கும்.

அமெரிக்காவில் 36 அனுபவசாலி ஓட்டக்காரர்களை வைத்து 10 வாரம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. விரல் விரலாகப் பிரிந்த வைப்ரம் ஷூவுக்கு மாறிய 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்க்கோத்திருந்தது எம்ஆர்ஐ-யில் தெரிந்தது. பழைய ஷூவிலேயே ஓடிய 17 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. அடுத்த ஆண்டு, ஷூவின் நன்மைகளை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக வந்த வழக்கை 37.5 லட்சம் டாலருக்கு அந்த நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. ஷூ கெட்டது என்பதல்ல இதன் பொருள். மாறிய வேகம்தான் கெட்டது.

ஷூவைக் கழற்றினால் முன்பாதம் தானாக முதலில் ஊன்றும் என்பதும் பாதி உண்மைதான். ஹார்வர்டு ஆய்வாளர் டேனியல் லீபர்மேன் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வெறுங்காலில் ஓடி வளர்ந்த கென்யர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்கினார்கள். 2013-இல் வெளியான இன்னோர் ஆய்வில் வடக்குக் கென்யாவின் தாசனச் மக்களைப் பார்த்தபோது, சௌகரியமான வேகத்தில் பெரும்பாலோர் குதிகாலில்தான் இறங்கினார்கள். ஆகவே எந்த இடம் முதலில் படுகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே ஓட வேண்டாம். அடியைக் குறுக்குங்கள். வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணுங்கள். 43 முதல் 45 வரை வந்தால் நல்லது. 38 என்றால் கால் உடம்புக்கு வெகு முன்னால் விழுகிறது. முன்பாதம் பட்டபின் குதிகாலும் தரையை முத்தமிட்டுப் போக வேண்டும். நுனிக்காலிலேயே தூக்கிப் பிடித்து ஓடினால் கெண்டை பிடித்துக்கொள்ளும்.

வரிசை எங்கள் கணக்கில் இதுதான்: முதலில் வெறுங்கால், பிறகுதான் மெல்லிய ஷூ. ஓடும் முன் ஒற்றைக்காலில் நின்று 25 முறை குதிகாலை உயர்த்தி இறக்க முடிய வேண்டும். இரண்டு வாரம் தினமும் அரை மணி வெறுங்காலில் நடை. அதன்பின் ஒருநாள் விட்டு ஒருநாள் 5 நிமிட ஓட்டம், வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டலாம். மற்ற ஓட்டமெல்லாம் பழைய ஷூவில். இப்படி 10 வாரம் போனபின் மெல்லிய ஷூவை எடுங்கள். வெறுங்காலில் ஓடிய தூரத்தைத் தாண்டாதீர்கள். பழனிக்கு வெறுங்காலில் பாதயாத்திரை போய்ப் பழகியவர்களுக்கும் சலுகை இல்லை. அவர்கள் உள்ளங்கால் தடித்திருக்கும், ஆனால் ஓட்டத்தில் ஒவ்வொரு ஊன்றலிலும் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு விழும். நடையில் அது கிடையாது.

எங்கே ஓடுவது? புல்தரை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், அது தப்பு. மெத்தென்ற தரையில் தடதடவென்று இறங்குவது தெரியாது, நெருஞ்சியும் கண்ணாடித் துண்டும் கண்ணில் படாது. வழவழப்பான சிமெண்ட் ரோடுதான் நல்ல வாத்தியார். எல்லை தாண்டினால் கேரளத்தில் பிஎம் பிசி முறையில் (கனத்த தார்க்கலவை மேல் நைசான தார்க்கலவை) போட்ட ரோடுகள் வெறுங்காலுக்கு ஏற்றவை. ஜல்லி துருத்திய கிராமச் சாலையும், வாய்க்கால் மேட்டுச் சரளையும் ஆறு மாதத்துக்குப் பிறகு. வேலிகாத்தான் முள் சைக்கிள் டயரையே துளைக்கும், 5 மில்லிமீட்டர் ரப்பர் அதற்கு எம்மாத்திரம்? டாஸ்மாக் இருக்கும் தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஓடுவதைத் தவிர்த்துவிடுங்கள், காரணம் சொல்லத் தேவையில்லை.

ஏப்ரலில் பத்து மணி வெயிலில் தார் 50 டிகிரியை எட்டக்கூடும், ஏழுக்குள் முடியுங்கள். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மழை வந்ததும் வேறு தொந்தரவு. நனைந்த தோல் ஊறி மிருதுவாகிச் சீக்கிரம் கிழியும். ஈரமான தோப்பு மண்ணில் கொக்கிப்புழு இருக்கலாம், தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி. காலில் கீறல் இருந்தால் அந்த மாதங்களில் ஷூதான். டிடி (டெட்டனஸ் தடுப்பு) ஊசி நிலுவையில் இருந்தால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷூ வாங்கும்போது உள்ளே விரித்திருக்கும் பட்டையை (இன்சோல்) வெளியே எடுத்து அதன்மேல் நில்லுங்கள். விரல்கள் ஓரத்துக்கு வெளியே பிதுங்கினால் அந்த ஷூ வேண்டாம். கையால் சுருட்டினால் சுருள வேண்டும், குதிகாலும் முன்பாதமும் ஒரே கனமாக இருக்க வேண்டும். ஹவாய் செருப்பு இதற்கு மாற்றல்ல. கழன்று போகாமலிருக்க விரல்கள் இறுக்கிப் பிடிக்கும், பாதம் வலிக்கும்.

கொப்புளம் விரல் அடியில் வந்தால் தரையைப் பின்னால் தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம், தூக்கி எடுங்கள். கெண்டை இரண்டு நாள் வலிப்பது சகஜம். காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் தசைநாண் விறைத்திருந்தால் தூரத்தைப் பாதியாக்குங்கள். பாதத்தின் மேல் இரண்டாவது, மூன்றாவது விரலுக்கு நேரே ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி வலித்தால் அன்றே நிறுத்த வேண்டும். அது எலும்பு விரிசலாக இருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். ஆறு முதல் எட்டு வாரம் ஓய்வு பிடிக்கும்.

சர்க்கரை உள்ளவர்கள், பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்கால் பக்கமே வரக்கூடாது. உள்ளங்காலில் மெல்லிய நைலான் இழையால் தொட்டுப் பார்க்கும் சோதனையைச் சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள், சில நிமிட வேலை. தொட்டது தெரியவில்லை என்றால் உங்களுக்கு மெத்தை வைத்த ஷூ மட்டும்தான்.