‘தொட்டில்ல போட்டேன்’

பிள்ளை பெற்றவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. “தொட்டில்ல போட்டேன்க்கா” என்றுதான் அந்தத் தாய் முதலில் சொன்னார். அதில் என்ன இருக்கிறது? குழந்தையைத் தொட்டிலில் போடுவது என்றுதான் நாம் எல்லோருமே சொல்கிறோம். நானும் “சரிம்மா” என்று சொல்லிவிட்டு, எத்தனை தடவை பால் குடித்தது என்று படிவத்தில் குறித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, ஏற்கெனவே மடித்து வைத்திருந்த துணியை மறுபடி மடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்: “போட்டேன்னா... போட்டேன்க்கா.”

அந்த இரண்டாவது ‘போட்டேன்’தான் இத்தனை வருடம் கழித்தும் என்னை விடவில்லை.

குழந்தைக்கு அப்போது ஏழு வாரம். பிறந்து இரண்டு வாரம் ஆனதும் அழுகை கூட ஆரம்பித்து, இரண்டாவது மாதத்தில் உச்சத்துக்குப் போய், நான்கைந்து மாதத்தில் தானாக இறங்கிவிடும். எந்தக் குறையும் இல்லாத குழந்தைகூடச் சில நாள் மணிக்கணக்கில் அழும். பால் கொடுத்தாலும் நிற்காது, தோளில் போட்டுக்கொண்டு நடந்தாலும் நிற்காது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அன்று அதை மூச்சு விடாமல் சொன்னேன். தாங்க முடியவில்லை என்றால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நில்லுங்கள் என்றேன். உலுக்கிவிட மட்டும் கூடாது, தலை கனம், கழுத்தில் பலம் கிடையாது, உலுக்கினால் மூளையைச் சுற்றி ரத்தம் கசியலாம், வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் போகலாம் என்றேன். நான் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்: “இதை எழுதுவீங்களா?”

“நீங்க பயப்படாதீங்கம்மா” என்றேன்.

எழுதுவேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவர் தலையாட்டினார். அவர் காதில் அது ‘மாட்டேன்’ என்று விழுந்திருக்கும். அப்படி விழட்டும் என்றுதான் நானும் சொன்னேனோ என்னவோ.

அப்புறம் குழந்தையின் உடையைக் கழற்றிப் பார்த்தேன். உச்சிக்குழி புடைத்திருக்கவில்லை. இரண்டு கையையும் இரண்டு காலையும் ஒரே மாதிரி உதைத்தது. விரலைக் கொடுத்ததும் இறுகப் பிடித்துக்கொண்டது. கன்றிய தடம் எங்கும் இல்லை. வெளியே கீறல்கூடத் தெரியாமல் போகலாம் என்று ஐந்து நிமிடம் முன்னால் சொன்ன நானேதான், வெளியே கீறல் இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாளே டாக்டரிடம் காட்டச் சொன்னேன். காட்டினாராம், ஒன்றுமில்லை என்றார்களாம். ‘ஆம்’ போட்டுத்தான் எழுத முடிகிறது. நான் கூடப் போகவில்லை.

அன்று மாலை என் குறிப்பில் இருந்தது இவ்வளவுதான்: ‘குழந்தை தொடர்ந்து அழுததால் தாய் தொட்டிலில் கிடத்திவிட்டு வெளியே வந்தார். ஆலோசனை வழங்கப்பட்டது.’

கிடத்தினார். அவர் வாயில் வராத சொல் அது. நான் தேடி எடுத்தது.

எங்கள் வேலையில் விதி தெளிவானது. குழந்தைக்குத் துன்புறுத்தல் நடக்கிறதோ என்று நியாயமான சந்தேகம் வந்தாலே உரியவர்களிடம் தெரிவித்துவிட வேண்டும். நிரூபிப்பது நம் வேலை இல்லை. அந்த விதி சும்மா வந்துவிடவில்லை. 1962இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் ஹென்றி கெம்ப்பும் அவருடைய சக மருத்துவர்களும் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இது இருக்கிறது: பெற்றவர்களே இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்ப மருத்துவர்களுக்கு மனம் வருவதில்லை, கண்ணெதிரே அறிகுறி இருந்தாலும் சந்தேகத்தை மனதிலிருந்து அழிக்கப் பார்க்கிறார்கள் என்று. அதற்குப் பிறகு சில ஆண்டுகளுக்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் தெரிவிப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்கள் வந்தன. பயிற்சியில் இதை நான் பல தடவை விளக்கியிருக்கிறேன். ‘கிடத்தினார்’ என்று நான் எழுதியது அந்த அழிப்புதானே?

ஆனால் அதே கெம்ப்தான் பிற்காலத்தில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீடு தேடி வரும் ஒரு சுகாதாரப் பணியாளர் வேண்டும் என்று வாதாடினார். அதுவும் என் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் எல்மைரா என்ற ஊரில் ஆய்வாளர் டேவிட் ஓல்ட்ஸ் நடத்திய ஆய்வும் வரும். முதல் குழந்தைக்குத் தாயாகும் பெண்களைச் செவிலியர்கள் கர்ப்ப காலத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை வீட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். 15 ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது, யாரும் வந்து பார்க்காத குடும்பங்களை ஒப்பிட, துன்புறுத்தல், புறக்கணிப்பு பற்றிய பதிவுகள் ஏறக்குறைய பாதியாக இருந்தன. ஒரு தாய் தன் கையைப் பற்றித் தனக்கே இருக்கும் பயத்தைச் சொல்ல ஒரு ஆள் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்றுதான் நான் நம்புகிறேன். அன்று அந்தத் தாய்க்கு அந்த ஆள் நான். சொன்னதும் புகார் கொடுத்திருந்தால் அடுத்த தடவை ‘போட்டேன்’ என்பதோடு நிறுத்திக்கொண்டிருப்பார். இரண்டாவது ‘போட்டேன்’ வந்திருக்காது.

இப்படி நினைக்கும்போது நான் செய்தது சரி என்றே படும். உடனே இன்னொன்று நினைவுக்கு வரும். அதே எல்மைரா ஆய்வில், வீட்டில் கணவன் அல்லது துணைவன் கையால் அடிக்கடி அடி வாங்கிய தாய்மாரிடம் அந்தப் பலன் தெரியவில்லை. அந்தத் தாயின் வீட்டில் அப்படி எதுவும் உண்டா என்று நான் கேட்கவே இல்லை. கணவர் பக்கத்து அறையில் இருந்தார், கேட்கும் சூழ்நிலை இல்லை என்பேன். உண்மைதான். அடுத்த வாரம் கணவர் வீட்டில் இல்லாத நேரத்தில் போனேன். அப்போதும் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? அப்போது என் பொறுப்பில் 35 வீடுகள். ஒரு கேள்வி கேட்டால் அதற்கு வரும் பதிலையும் நான்தான் சுமக்க வேண்டும். என் மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் சொல்லத்தான் போனேன். “இந்த மாசம் எத்தனை வீடு பாக்கி?” என்றார். “ஒன்பது சார்” என்றேன். அவ்வளவுதான், திரும்பி வந்துவிட்டேன். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்கு மேலே இருந்தவர் அவரிடம் கேட்டதும் அதே கேள்விதான். தாய் பேச ஒரு ஆள் வேண்டும் என்று வீடு வீடாகப் போகிறோம். போகிறவர் பேச ஆள் இல்லை. அதற்காக என் குறிப்பில் இருந்த அந்தச் சொல்லை அவர் தலையில் கட்டிவிட முடியாது. எழுதியது என் கை.

அந்தக் குழந்தையைக் கடைசியாக ஒன்பது மாதத்தில் பார்த்தேன். தவழ்ந்து வந்து என் பையின் ஜிப்பை இழுத்தது. தாயின் முகம் தெளிந்திருந்தது. பிறகு வீடு மாறிப் போய்விட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதால் நான் எடுத்த முடிவு சரியாகிவிடாது என்று எனக்குத் தெரியும்.

இப்போது எனக்குக் கீழே ஆறு பேர் வேலை செய்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் ஒவ்வொருவரோடும் தனியாக உட்காருகிறேன். அந்த நேரத்தில் படிவத்தைத் திறப்பதில்லை. எந்த வீடு ராத்திரி தூக்கத்தில் வருகிறது என்றுதான் கேட்பேன். போன வருடம் ஒரு பெண் கிட்டத்தட்ட என் கதையையே கொண்டுவந்தாள். கேட்ட சொல்லை அப்படியே எழுது, தெரிவித்துவிடு, அதை முதலில் அந்தத் தாயிடமே சொல்லிவிட்டுச் செய் என்றேன். செய்தாள். விசாரிக்க வந்தவர்கள் ஆபத்து எதுவும் இல்லை என்று கோப்பை மூடினார்கள். அந்தக் குடும்பம் அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வேறு ஆளை அனுப்புகிறோம் என்றோம், வேண்டாம் என்றார்கள். நாம் செய்தது சரிதான் என்று அவளிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டு தடவையும் அவள் பதில் சொல்லவில்லை.

அவள் தினமும் போகும் வழியில்தான் அந்த வீடு. மாடிக் கொடியில் காயும் சின்னச் சட்டைகளைப் பார்த்துக்கொண்டே போவாளாம். போன வாரம் வந்து உட்கார்ந்ததும் முதலில் சொன்னது அதைத்தான்: “சட்டையோட அளவு கூடியிருக்கு மேடம்.”