போன முறை நான் ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளுக்கு

போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தேன். காலனியிலிருந்து வந்திருந்த ஒருவர், என்னிடம் படித்த பையனின் அப்பா, பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "டீச்சர், போன தடவை நீங்க வீட்டுக்கு வந்து சொன்னதாலதான் அவருக்குப் போட்டோம். இந்தத் தடவை என்ன சொல்றீங்க?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. 2021 தேர்தலில் அந்தத் தெருவில் ஒரு வீடு விடாமல் நோட்டீஸோடு ஏறி இறங்கியவள் நான். பணி ஓய்வு பெற்ற பிறகு வந்த முதல் சட்டமன்றத் தேர்தல், அரசு ஊழியர் என்ற கட்டு இல்லை, கொரோனா பயத்திலும் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு அலைந்தேன். சமூகநீதி, பெண்கள், தொழிலாளர் உரிமை என்று திண்ணை திண்ணையாக உட்கார்ந்து பேசினேன். இந்த முறையும் அவருக்கேதான் சீட்டு என்கிறார்கள். அப்படியானால் ஐந்து வருடத்தில் அவர் என்ன செய்தார் என்று அந்த வீடுகளுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. யார் என்ன என்று பெயர் போடவில்லை. ஆளுங்கட்சிக்காரர், முதல்முறை எம்.எல்.ஏ., அவ்வளவு போதும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது உண்மை. காலை ஏழு மணிக்கு அவருடைய அலுவலகத்துக்குப் போனால் ஆள் இருப்பார். மஞ்சள் பையில் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் என்று கட்டிக்கொண்டு வந்திருக்கும் கிழவிகளை உட்கார வைத்து, பி.ஏ.விடம் தள்ளிவிடாமல் அவரே மனுவை வாங்கிப் படிப்பார். ஒரு நாள் நான் இருக்கும்போதே ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை ஆறு மாதமாக நின்றுபோனதைக் கேட்டுவிட்டு, அந்த இடத்திலேயே தாசில்தாருக்கு போன் போட்டார். அடுத்த மாதம் பணம் வந்துவிட்டது. இரண்டாவது கொரோனா அலையில் ஆக்சிஜன் படுக்கை கேட்டு நடு ராத்திரியில் போன் செய்தவர்களுக்கெல்லாம் எடுத்துப் பேசியவர் அவர். பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் இருபது வருடமாக இல்லாத ஒழுங்கான கழிப்பறை இன்று இருக்கிறது. அந்தப் பள்ளியில் வேலை பார்த்தவளாகச் சொல்கிறேன், மாதவிடாய் நாட்களில் லீவு போடும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்ததற்கு அந்தக் கழிப்பறைதான் காரணம்.

இன்னொன்றும் உண்டு. 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவினதே, அப்போது நம் ஊர் நூற்பாலை விடுதியில் பையன்கள் ரயிலேற மூட்டை கட்டிவிட்டார்கள். இவர் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொழிபெயர்க்க ஒரு பையனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசினார். அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது.

சரி, இதெல்லாம் தொகுதிக்குள் நடந்தது. சட்டமன்ற உறுப்பினர் என்ற பெயரிலேயே இருக்கிறதே, சட்டமன்றத்தில் என்ன செய்தார்? இங்கேதான் நாம் பெரும்பாலும் கேட்காமல் விட்டுவிடுகிறோம். ரோடு போட்டாரா, கல்யாணத்துக்கு வந்தாரா, காதுகுத்துக்கு மொய் வைத்தாரா என்று கேட்போம், எந்த மசோதாவுக்குக் கை தூக்கினார் என்று கேட்க மாட்டோம். கேட்டாலும் பதில் கிடைப்பது கஷ்டம். மசோதாக்கள் பெரும்பாலும் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆம் என்பவர்கள் சத்தம் போடுவார்கள், இல்லை என்பவர்கள் சத்தம் போடுவார்கள், சத்தம் பெரிதாகக் கேட்ட பக்கம் ஜெயித்தது, அத்தோடு முடிந்தது. உங்கள் எம்.எல்.ஏ. வாயைத் திறந்தாரா என்பதற்கு எந்தப் பதிவும் இருக்காது. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையில் காட்டுகிறார்கள், அது நல்ல மாற்றம். ஆனால் வருடத்துக்கு 100 நாட்கள் அவை கூடும் என்று ஆளுங்கட்சி 2021இல் சொன்ன வாக்குறுதியில் பாதியைக்கூட எட்டவில்லை.

ஒரு தேதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 2023 ஏப்ரல் 21. அன்றைக்குத்தான் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளான கம்யூனிஸ்டுகள், விடுதலைச் சிறுத்தைகள், காங்கிரஸ் எல்லாரும் எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். 1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடி சரியாக நூறு வருடம் நிறையப்போகிற நேரத்தில், அதே ஊரில், எட்டு மணி நேரத்தைக் கரைக்கிற ஒரு மசோதா! தொழிற்சங்கங்கள் கொதித்தன, மூன்றே நாளில் நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் சொன்னார். திரும்பப் பெற்றதை நான் மதிக்கிறேன், கேட்காமல் பிடிவாதம் பிடிக்கிற அரசுகளையும் பார்த்திருக்கிறோம். ஆனால் நம் தொகுதியில் நான்கு நூற்பாலைகள் இருக்கின்றன. ஷிப்ட் முடிந்து வேனிலிருந்து இறங்கும் பெண்களின் கண்ணைப் பார்த்தாலே தெரியும், எட்டு மணி நேரமே அவர்களுக்கு எப்படிப்பட்டது என்று. தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருக்கும், அதைத் தட்டிவிடக்கூடத் தெம்பிருக்காது. அவர்களின் எம்.எல்.ஏ. அன்றைக்கு அவையில் ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னாலும் பேசவில்லை.

அதே நாளில் இன்னொரு மசோதா விவாதமே இல்லாமல் நிறைவேறியது, அதைப் பலர் கவனிக்கவே இல்லை. நில ஒருங்கிணைப்புச் சட்டம். நூறு ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டங்களுக்காக ஏரி, ஓடை, வாய்க்கால் உள்ள நிலத்தையும் சேர்த்து எடுக்க வழி செய்கிற சட்டம். 12 மணி நேரத்துக்கு எதிராகச் சங்கங்கள் இருந்தன, அதனால் அது போனது. ஏரிக்கு அப்படி ஒரு சங்கம் கிடையாது, இந்தச் சட்டம் நிலைத்துவிட்டது. நம் தொகுதியே ஏரிப் பாசனத்தை நம்பிய தொகுதி.

இதைப் பற்றி அவரிடமே ஒரு முறை கேட்டேன். "டீச்சர், கொறடா உத்தரவு இருக்கும்போது நான் என்ன பண்ண முடியும்? மீறினா பதவி போயிடும்" என்றார். கொறடா உத்தரவு என்றால் இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்குப் போடும் கட்டளை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியையே இழக்கலாம். விலைக்குப் போகிறவர்களைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிப்படி நடக்க நினைப்பவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டுவிட்டது. ஆனால் அந்தச் சட்டம் கட்டுவது வாக்கைத்தான். பேச்சை அது தடுக்கவில்லையே. மசோதா வருவதற்கு முன்னால் சொந்தக் கட்சிக் கூட்டத்தில் "எங்க ஊர்ல மில் இருக்குங்க, இது வேண்டாம்" என்று சொல்வதை யார் தடுத்தார்கள்? கவன ஈர்ப்புத் தீர்மானம் கொண்டுவருவதை, துறைகளுக்கு நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசுவதை எந்தக் கொறடா தடுத்தார்? கேள்வி நேரத்தில் நான் பார்த்தவரை அவர் கேட்டதெல்லாம் பேருந்து நிலையம், உயர்மட்டப் பாலம், அரசு கலைக் கல்லூரி. எல்லாம் தேவைதான். ஒரு முறைகூட ஒப்பந்தத் தொழிலாளர் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால், வேலையைத் தனியார் ஒப்பந்தத்துக்கு விட்டதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்து, நள்ளிரவில் போலீஸால் அப்புறப்படுத்தப்பட்டார்களே, அதற்கடுத்த வாரம் நம் நகராட்சியில் குப்பை வண்டி தள்ளும் பெண்கள் இவரிடம் மனு கொடுத்தார்கள். எங்களுக்கும் அதே ஒப்பந்தக் கதைதான், பி.எஃப். பிடிக்கிறார்கள், கணக்கில் ஏறுகிறதா தெரியவில்லை என்று. மனு வாங்கிக்கொண்டார். ஆளுக்கொரு சேலை கொடுத்து அனுப்பினார்.

இப்போது என்னை ராத்திரி தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன்.

ரேஷன் கடையில் கேள்வி கேட்டவருடைய காலனிக்குச் சுடுகாட்டுக்கு வழி கிடையாது. ஊர்த் தெரு வழியாகப் போனால் ஐந்து நிமிடம். அந்த வழியாகப் பிணம் எடுத்துப் போகக் கூடாது என்பது ஊர்க்காரர்கள் வைத்த கட்டு. எந்தக் காகிதத்திலும் இல்லாத கட்டு. அதனால் வயல் வரப்பில் தூக்கிக்கொண்டு போவார்கள். 2022 மழைக்காலத்தில் அந்த வரப்பில் ஒரு சாவுக்கு நானும் போனேன். பாடையின் முன்பக்கம் தூக்கியவரின் கால் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டது, பாடை ஒரு பக்கம் சாய்ந்தது, பின்னால் வந்த மகன் ஓடிவந்து அம்மாவின் தலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டான். அவன் அழவில்லை. எல்லாரும் அந்த நிலையில் கொஞ்ச நேரம் அப்படியே நின்றோம்.

அதற்குப் பிறகு காலனி மக்கள் மறியல் செய்தார்கள். தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது. மூன்று முறை. மூன்று முறையும் எம்.எல்.ஏ. வரவில்லை. "ரெண்டு தரப்பும் நம்ம மக்கள்தான் டீச்சர், நான் ஒரு பக்கம் போய் உட்கார முடியாது" என்றார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்து காலனிக்குப் பக்கத்திலேயே தனியாக ஒரு சுடுகாடு கட்டிக் கொடுத்தார். எரிமேடை, தகரக் கூரை, அடிபம்பு, சுற்றுச்சுவர், அதில் அவர் பெயர் போட்ட கல்வெட்டு. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று ஊர் சந்தோஷப்பட்டது.

எனக்கு வயிறு எரிந்தது. ஒரு எம்.எல்.ஏ.வுக்கு வருடத்துக்கு மூன்று கோடி ரூபாய் தொகுதி நிதி வருகிறது. அந்த அரசாங்கப் பணத்தை எடுத்து சாதிக் கட்டுக்குச் சிமெண்ட் பூசிவிட்டார். நேற்று வரை ஊர்க்காரர்களின் வாய்ச்சொல்லாக இருந்தது, இன்றைக்குக் கல்வெட்டாகிவிட்டது. இனி எந்தப் பிள்ளை போய் "எங்களுக்கு ஏன் அந்த வழி இல்லை" என்று கேட்டாலும், "அதான் உங்களுக்குத் தனியா கட்டிக் கொடுத்தாச்சே" என்பார்கள். இத்தனைக்கும் சாதி வேறுபாடு இல்லாத மயானம் வைத்திருக்கும் சிற்றூர்களுக்கு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று அறிவித்தது இவருடைய அரசுதான். 1997இல் தொடங்கிய சமத்துவபுரங்களில் எல்லாச் சாதியாரையும் ஒரே தெருவில் குடிவைத்துப் பொது மயானம் என்று திட்டம் போட்ட மரபு இந்த மாநிலத்துக்கு இருக்கிறது. அந்த மரபின் பேரைச் சொல்லித்தான் நான் காலனியில் ஓட்டுக் கேட்டேன்.

மில் விடுதியில் தரையில் உட்கார்ந்த அதே மனிதர் ஏன் தாலுகா அலுவலகத்தில் ஒரு நாற்காலியில் வந்து உட்காரவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். விடுதிக்குப் போனதால் அவருக்கு ஒரு ஓட்டும் குறையாது, கட்சித் தலைமையும் அதைத்தான் சொன்னது. ஊர்த் தெருவைத் திறந்துவிடுங்கள் என்று சொன்னால் அந்தத் தெருவின் ஓட்டு போகும். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கஷ்டமான இடத்தில் எல்லாம் அவர் நிலைப்பாடு எடுக்காமல் நிதியை எடுத்தார், அல்லது சேலையை எடுத்தார். அரசியலில் முற்போக்கு என்று நான் சொல்லிக்கொள்வது எதற்காக என்றால், உரிமை என்பது யாராவது போன் போட்டுத் தருகிற சலுகையாக இருக்கக் கூடாது என்பதற்காக. அந்தப் பாட்டிக்கு உதவித்தொகை வந்தது சந்தோஷம்தான். ஆனால் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கு வரத் தெரியாத பாட்டிகள் எத்தனை பேருக்கு நின்றுபோயிருக்கிறது?

நண்பர்கள் சொல்வார்கள், தெரியும். எதிரணியில் பா.ஜ.க. இருக்கிறது, இந்த நேரத்தில் இப்படி எழுதலாமா, யாருக்கு லாபம் என்று. நான் யோசிக்காமல் எழுதவில்லை. மதவாதத்தின் ஆபத்து எனக்குக் குறைவாகத் தெரியவில்லை, அதனால்தான் என் ஓட்டு இந்த முறையும் அவருக்கே போகும், அதை மறைக்கவில்லை. ஆனால் "அவர்கள் வந்துவிடுவார்கள்" என்று சொல்லிச் சொல்லியே காலனியை எத்தனை தேர்தலுக்கு வரப்பில் நடக்கவிடுவது? என் ஓட்டு என்பது ஒன்று. அடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்து "இவரை நம்புங்கள்" என்று சொல்வது வேறு. அதை இப்போதைக்கு என்னால் சொல்ல முடியாது.

வேட்புமனு தாக்கல் ஆனதும் சொத்துக் கணக்கைச் சொல்லும் அவருடைய படிவம் 26 பிரமாணப் பத்திரத்தை 2021 பத்திரத்தோடு வைத்துப் பார்ப்பேன், ஐந்து வருட வருமான வரிக் கணக்கு அதில் இருக்கும், எல்லாரும் பார்க்கலாம், அது பெரிய வேலை இல்லை. அதற்கு முன்னால் அவர் வாயால் இரண்டு பதில் வேண்டும். தூய்மைப் பணியாளர்களின் ஒப்பந்தத்தைப் பற்றி அவையில் பேசுவாரா. ஊர்த் தெரு வழியாக அடுத்த பாடை போகும்போது கூட வருவாரா.

ரேஷன் கடைக்காரர் கூப்பிட்டதும் அந்த அப்பா பையை நீட்டப் போய்விட்டார். அரிசி வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, மேலே எழுதியதில் பாதியை அவரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இதை அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே டீச்சர்" என்றார். கேட்கத்தான் போகிறோம். வரும் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி, அவருடைய அலுவலகம். அந்த அப்பாவும் காலனியிலிருந்து ஆறேழு பேரும் வருகிறார்கள், நகராட்சிப் பெண்களில் இரண்டு பேர் டூட்டி முடித்துவிட்டு நேராக வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நூற்பாலையில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நைட் ஷிப்ட் முடிந்து வருகிற வழிதான் அது, நீங்களும் வாருங்கள்.